கிடாரம் யாருடையது?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுது. வலிகாமத்துக் கிராமமொன்றில், வெளிநாட்டுக்குப் புறப்படும் ஒரு குடும்பத்தை ஆசீர்வதித்து அனுப்ப என்னை அழைத்திருந்தார்கள். படலையடியில் ஒரு லொறி நின்றது. ஒழுங்கைக்குள் கொள்கலன் வராது. ஆகவே சாமான்கள் லொறியில் கொழும்புக்குப் போய், அங்கே கொள்கலனில் அடுக்கப்பட்டுக் கப்பலேறும். வீட்டுக்காரர் கணக்காளர். பல வருடம் கொழும்பில் வேலை பார்த்தவர். மனைவி, இரு பிள்ளைகளுடன் மெல்பேர்ணுக்குக் குடிபெயர்கிறார். கையில் இலக்கமிட்ட பட்டியல் ஒன்று; நூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகள். தேக்கு அலுமாரி, சாய்மனைக் கதிரை, அம்மியும் குழவியும், தாயாரின் கால்மிதித் தையல் மெசின் என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

கடைசியாகக் கொட்டிலிலிருந்து ஒரு பெரிய பித்தளைக் கிடாரத்தை நால்வர் தூக்கி வந்தனர். அப்போது வேலிக்கு அப்பால் நின்ற முதியவர் ஒருவர் கேட்டார்:

"தம்பி, கிடாரமும் போகுதோ?"

"ஓம் அண்ணை. அப்புவின்ரை ஞாபகம்."

"அப்ப இனிச் செத்தவீடு வந்தால் நாங்கள் என்ன செய்யிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். முதியவரும் சிரித்தார். கிடாரம் லொறியில் ஏறியது.

விறாந்தை மூலையில் வீட்டுக்காரரின் அக்கா இருந்தார். மணமாகாதவர், அறுபதை நெருங்குபவர். படுக்கையில் கிடந்த தாயை ஆறு வருடம் பார்த்தவர். வீடு அவர் பெயரில் எழுதப்பட்டிருந்தது. வீட்டுக்குள் இருந்த பொருள்களோ எவர் பெயரிலும் எழுதப்படவில்லை. அவர் என் பக்கம் சாய்ந்து, மெல்லச் சொன்னார்: "மெசினும் போகட்டும் சுவாமி. அம்மாவின்ரை தானே. எனக்கும் இப்ப கண் வடிவாத் தெரியாது."

தம்பி கொழும்பில் படித்த காலத்தில் அவரது விடுதிக் காசு அந்த மெசினிலிருந்துதான் போயிற்று என்பதைப் பின்னரே அறிந்தேன். மிதித்தவர் அக்கா. அன்று நான் செபித்து, ஆசீர் அளித்து, தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சொல்ல வேண்டியதொன்று இருக்கிறது என்று உள்ளம் உணர்த்தியும் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

வாசகரே, கேள்வி இதுதான். அந்தக் கிடாரம் யாருடையது? அந்த மெசின் யாருடையது?

விலை கொடுத்து வாங்கியவர் பாட்டனார். ஆகவே பேரனுடையது என்பது ஒரு விடை. சட்டமும் அநேகமாக இதையே சொல்லும். ஆனால் அந்த ஒழுங்கையில் நடந்த கலியாணச் சோறு முதல் செத்தவீட்டுத் தேநீர் வரை அந்தக் கிடாரத்தில்தான் கொதித்தது. 1995 இல் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அதைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபின் கயிறு கட்டி இழுத்து எடுத்தவர்கள் அயலவர். வாங்கிய பற்றுச்சீட்டு ஒரு வீட்டில் இருக்கலாம். இழுத்த கயிற்றில் பல வீட்டுக் கைகள் இருந்தன.

இக்கேள்வி எம் முன்னோருக்கு இவ்வளவு கூர்மையாக எழவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவின் புகையிரதத் திணைக்களத்துக்கும் கந்தோர்களுக்கும் வேலை தேடிப் போன யாழ்ப்பாணத்து இளைஞன் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு போனான். எதை விடுவது என்பதைப் பெட்டியின் சிறுமையே தீர்மானித்தது. இன்றும் விமானத்தில் போகிறவருக்கு முப்பது கிலோ, நாற்பது கிலோ என்ற அளவு அதைத் தீர்மானிக்கிறது.

கொள்கலன் வந்ததும் அந்தக் கட்டாயம் போயிற்று. 1956 ஏப்ரல் 26 ஆம் திகதி, மல்கம் மக்லீன் என்னும் அமெரிக்க லொறி முதலாளி, 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றி, நியூவார்க் துறையிலிருந்து ஹூஸ்ரன் துறைக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிய உலகம் அன்றிலிருந்து மாறத் தொடங்கியது. இன்று 20 அடிக் கொள்கலனுக்குள் சுமார் 33 கன மீற்றர் இடம் உண்டு. 40 அடியாயின் ஏறக்குறைய 67 கன மீற்றர். ஒரு சிறு குடும்பத்தின் தளபாடம் முழுவதும் இருபதடிக்குள் அடங்கிவிடும். முழுக் கொள்கலன் வேண்டாதவர் பிறரோடு பங்கிட்டு, தம் சாமான் பிடிக்கும் இடத்துக்கு மட்டும் பணம் கட்டலாம். முழுதாக எடுத்தவரோ, "கட்டிய காசுக்கு இடம் வெறுமையாகப் போகிறதே" என்று கையில் அகப்பட்டதையெல்லாம் உள்ளே வைக்கிறார். கிடாரம் அப்படித்தான் ஏறியது என்று நினைக்கிறேன். முன்பு பெட்டி எடுத்த தீர்மானத்தை இப்போது மனச்சாட்சி எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கோ நாம் இன்னும் பழகவில்லை.

போய்ச் சேரும் நாடு கேள்வி கேட்காமல் விடுவதில்லை. பெட்டியடிக்கும் பலகையின் உள்மையம் 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டோ, ஏற்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தப்பட்டோ, அதற்கான முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. மரத்தினுள் பூச்சி புழு கடல் கடந்து போகக்கூடாது என்பதே நோக்கம். அவுஸ்திரேலிய அதிகாரிகள் சைக்கிள் சில்லில் ஒட்டிய மண்ணையும், உரலின் வெடிப்பில் கிடக்கும் தானியத்தையும், புல்லால் பின்னிய பாயையும் பார்ப்பார்கள். தம் தோட்டத்தையும் காட்டையும் காக்க அவர்களுக்கு உரிமை உண்டு. இங்கிருந்து எடுத்துச் செல்வதற்கோ எம்மிடம் கேள்வி மிகக் குறைவு. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இன்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகலாகாது என்கிறது. உடைமையாளனே ஆனாலும் அவனுக்கு முழு அதிகாரம் இல்லாத பொருள்கள் உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அக்காவின் தையல் மெசினுக்கும் ஒழுங்கையின் கிடாரத்துக்கும் எந்தத் திணைக்களமும் அனுமதிப்பத்திரம் கேட்காது.

இவ்விடயத்தில் வெளிநாட்டுச் சுங்கத்தின் ஒரு விதி என்னைச் சிந்திக்க வைத்தது. குடியேறுபவர் தம் வீட்டுச் சாமானைத் தீர்வையின்றிக் கொண்டுவருவதானால், அதற்குச் சொந்தக்காரர் என்பது மட்டும் போதாது. கனடா, வருமுன்னரே அது உம் சொந்தமாக இருந்ததா, உம் கையில் இருந்ததா, உம்மால் பாவிக்கப்பட்டதா என மூன்றையும் கேட்கிறது. தீர்வையின்றி வந்ததை ஒரு வருடத்துக்குள் விற்றால் தீர்வை கட்டச் சொல்கிறது. அவுஸ்திரேலியா, பன்னிரண்டு மாதம் உம்முடையதாக இருந்து உம் பாவனையிலும் இருந்ததா என்று கேட்கிறது. அதிகாரிகள் இதைத் தத்துவமாக எழுதவில்லை. வியாபாரச் சரக்கைப் பிரித்தறியவே எழுதினார்கள். ஆயினும் அவ்விதி ஓர் உண்மையைத் தொடுகிறது. ஒரு பொருள் எமதாவதில் பாவனைக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த மெசினை யார் பாவித்தார்? கிடாரத்தை யார் பாவித்தார்? படிவத்தை நிரப்பும்போது பேனை ஒரு கணம் நின்றிருக்க வேண்டும்.

உடைமையும் பாவனையும் வெவ்வேறு என்பதைப் பழைய அறிஞர் கண்டிருந்தனர். உடைமை தனியாருடையதாக இருந்து, அதன் பயன் பொதுவாவது நன்று என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. புனித தோமஸ் அக்குவைனாஸ் அதனை மேலும் தெளிவாக்கினார். பொருளை ஈட்டுவதும் நிர்வகிப்பதும் ஒருவனுக்கு உரியதாக இருக்கலாம். ஏனெனில் தன்னுடையதை ஒருவன் கவனமாகப் பேணுவான், யார் பொறுப்பு என்ற குழப்பமும் இராது. ஆனால் அதன் பயனைப் பொறுத்தவரை, பிறர் தேவையில் பகிரும் மனத்தோடு, பொதுவானதாகவே அதை வைத்திருக்க வேண்டும் என்கிறார். களவையும் கொள்ளையையும் பற்றி எழுதும் இடத்தில் அவர் இதைச் சொல்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. எம் கிராமத்தவர் இந்நூல்களைப் படித்ததில்லை. ஆனாலும் பாட்டனார் கிடாரத்தைக் கொட்டிலில் வைத்தார், வீட்டுக்குள் பூட்டவில்லை. கேட்டவர் எடுத்துப்போய், கழுவிக் கொண்டுவந்து வைத்தார்கள். தத்துவம் அங்கே நடைமுறையாக இருந்தது.

இனி மறுபக்கத்தையும் கேட்போம். புறப்படுகிறவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிடுவது இலகு, அது நீதியாகாது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு நான் பதின்ம வயதுப் பையன். வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தபோது நானும் நடந்தேன். எங்கள் அம்மா எதை எடுத்தார் தெரியுமா? தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றி, சைக்கிளின் கரியரில் கட்டினார். "இந்த இரும்பை ஏன் காவுறியள்?" என்று நான் அழுதேன். தென்மராட்சியில் அகதியாக இருந்த மாதங்களில் எங்களுக்குச் சோறு போட்டது அந்த இரும்புதான். எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தவர், அடுத்த முறை ஒரு கரண்டியையும் விட மனம் ஒப்பார். மெல்பேர்ணுக்குப் போனவரும் அதே இரவில் நடந்தவர்தான். 'இம்முறை எதையும் விட்டுப் போக மாட்டேன்' என்று அவர் உள்ளம் சொல்லியிருந்தால் நான் அதை நகைக்க மாட்டேன்.

அந்நிய மண்ணில் பிறக்கும் பிள்ளைக்குத் தொட்டுப் பார்க்க ஒரு பொருள் வேண்டும் என்பதும் உண்மை. பேத்தியார் அரைத்த அம்மியில் ஒரு தடவை மிளகாய் அரைத்துப் பார்த்த பிள்ளை பத்துக் கதைகளில் அறியாததை அறியும். மேலும், விட்டுச் செல்வதெல்லாம் தியாகமும் ஆகாது. பூட்டிய வீடுகள் எம் ஊர்களில் எத்தனை! அலுமாரியைக் கறையான் தின்கிறது. திறப்பு இலண்டனில் இருக்கிறது. தானும் பாவிக்காமல் பிறரையும் பாவிக்கவிடாமல் வைத்திருப்பதைவிட எடுத்துப் போவதே மேல்.

அப்படியாயின் எதைக்கொண்டு தீர்மானிப்பது? கடலே ஒரு நெறியைக் கற்றுத் தருகிறது.

பழங்காலத்தில் ரோட்ஸ் தீவாரிடம் ஒரு கடற்சட்டம் இருந்தது. 533 ஆம் ஆண்டில் யுஸ்தீனியன் பேரரசர் வெளியிட்ட உரோமச் சட்டத் திரட்டிலும் அது இடம்பெற்றது. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், அந்த நட்டம் எறியப்பட்டவரோடு மட்டும் நிற்கக்கூடாது. எவரெவர் சரக்குத் தப்பியதோ அவரெல்லாம் தப்பியதன் பெறுமதிக்கு ஏற்பப் பங்கு கொடுத்து அதை ஈடுசெய்ய வேண்டும். பொதுச் சேதப் பங்கீடு எனப்படும் இந்நெறி, யோர்க்–அன்ட்வேர்ப் விதிகள் என்ற பெயரில் இன்றும் நடைமுறையில் உள்ளது. 2021 மார்ச் மாதம் சுயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' என்னும் கப்பல் குறுக்கே இறுகி நின்றதே, அதன் உரிமையாளரும் இந்நெறியையே அறிவித்தார்கள். அதில் ஏற்றப்பட்டிருந்த சரக்குக்கு உரியவர்கள், தம் பெட்டிக்கு ஒரு கீறலும் படாவிட்டாலும், தம் பங்குக்கு உறுதி கொடுத்தாலன்றிச் சரக்கை எடுக்க முடியாதிருந்தது. வீட்டுச் சாமான் அனுப்புவோர் காப்புறுதி எடுக்கும்போது இதையும் கேட்டறிவது நல்லது.

புனித சின்னப்பர் கைதியாக உரோமைக்குப் போன கப்பலும் இப்படித்தான் சரக்கை எறிந்தது. கடைசியில் மால்த்தாவுக்கு அருகே கோதுமையையும் எறிந்தார்கள். ஆட்கள் அனைவரும் கரை சேர்ந்தார்கள்.

குடிபெயரும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கப்பல். அது கரை சேர்வதற்காக ஏதோ ஒன்று எங்கோ கடலில் எறியப்பட்டிருக்கிறது. மூத்தவளின் இளமை எறியப்பட்டிருக்கலாம். தகப்பனின் தோட்டக் காணி ஈடு வைக்கப்பட்டு மீளாது போயிருக்கலாம். ஒரு தங்கையின் படிப்பு, ஒரு தாயின் தாலிக்கொடி, தாயைத் தனியே பார்த்த ஆறு வருடம் என்று எதுவாகவும் இருக்கலாம். தப்பிய சரக்கின் சொந்தக்காரர் நாம். எறியப்பட்டதற்கு நாம் கொடுத்த பங்கு எங்கே? வியாபாரிகள் இரண்டாயிரம் வருடமாக இலாப நட்டத்துக்குப் பின்பற்றும் நீதியை இரத்த உறவுக்குள் நாம் பின்பற்றாமல் விடலாமா? மாதந்தோறும் அக்காவுக்குப் பணம் அனுப்பினால் அதற்குத் 'தருமம்' என்று பெயர் வைப்பது தவறு. அது பங்கீடு, கொடுக்க வேண்டிய கடன்.

நட்டம் எவர் தலையில் போய் விழுகிறது என்பதையும் கடல் காட்டியது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பற்றி, யூன் மாதம் மூழ்கிய 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றிலிருந்து கொட்டிய பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரை மணலை மூடின. நீர்கொழும்புப் பக்கத்து மீனவர், அக்கப்பலில் ஒரு பெட்டியும் இல்லாதவர்கள், கடலுக்குப் போக முடியாமல் கரையில் இருந்தார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவரே பல வேளைகளில் பாரத்தைச் சுமக்கிறார்.

ஆகவே வாசகரே, உமக்கு விசா வந்து, நீரும் ஒரு பட்டியல் எழுத உட்காரும் நாளில், பக்கத்தில் இன்னொரு தாளையும் வைத்துக்கொள்ளும். முதல் தாளில் எதை எடுப்பது என்று எழுதும். இரண்டாம் தாளில் ஒவ்வொரு பொருளுக்கும் நேரே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதும். இதை இதுவரை யார் பாவித்தார்? இது போனால் யாருக்கு இடறும்? இதை நான் வைத்திருப்பதற்காக யார் எதை இழந்தார்?

இக்கேள்விகளுக்குப் பிறகும் பல பொருள்கள் கொள்கலனில் ஏறும், ஏறட்டும். அம்மி போகலாம், அக்காவிடம் மிக்சி இருந்தால் அவர் மறுக்கமாட்டார். ஆனால் அவரிடம் கேளும். கேட்கும்போது, அவர் "போகட்டும்" என்று உடனே சொன்னால், அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாதேயும். வாழ்நாள் முழுவதும் விட்டுக்கொடுத்தவருக்கு வேறு சொல் வாயில் வராது. மெசினை அங்கேயே வைத்துவிட்டு, "உன்னிடம் இருக்கட்டும் அக்கா, நீ உழைத்தது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அது மெல்பேர்ணில் ஒரு மூலையில் காட்சிப் பொருளாக நிற்பதைவிடப் பெறுமதி பெற்றிருக்கும்.

அயலவர் பாவித்ததை அயலிலேயே விடும். கிடாரத்தைச் சனசமூக நிலையத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒப்படைத்து, பாட்டனாரின் பெயரை அதில் வெட்டுவித்தால், ஞாபகம் அங்கே அழியாமல் இருக்கும். பழைய புத்தகம், ஏட்டுச் சுவடி, சங்கக் குறிப்பு, நின்றுபோன பத்திரிகைகள் உம் வீட்டில் இருந்தால், அவை பெட்டியில் ஏறுமுன் பிரதி எடுக்கக் கொடும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்களைத் தீக்கு இழந்தவர்கள் நாம். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிமத் திட்டத்தார் இப்படியான எழுத்துக்களைப் படமெடுத்து எல்லோரும் வாசிக்க வைக்கிறார்கள். மூலத்தை நீர் கொண்டுபோனாலும் பயன் இங்கும் இருக்கும்.

இன்னுமொன்று, சொல்லக் கசக்கும். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடபகுதி முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ் நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. அவர்கள் விட்டுப்போன தளபாடங்கள் பின்னர் விலைக்கு வந்தன. வாங்கியவர்கள் எம்மிடையே இருந்தார்கள். அப்படி வந்த ஓர் அலுமாரி உம் பட்டியலில் இருக்குமாயின், மூன்றாம் கேள்வியை இருமுறை கேட்டுப் பாரும். உரியவரைத் தேட முடியுமானால் தேடும். முடியாதாயின், அதன் பெறுமதியாவது இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தைச் சேரட்டும்.

கிடாரம் போன வருடமே அந்த ஒழுங்கையில் ஒரு செத்தவீடு வந்தது. வேலிக்கு அப்பால் நின்று கேட்ட முதியவர்தான் இறந்தார். அடுத்த ஊரிலிருந்து வாடகைக்குப் பாத்திரம் எடுத்து வந்தார்கள். அக்கா வழமைபோல் அடுப்படியில் நின்று தேநீர் ஊற்றினார். எவரும் எதுவும் சொல்லவில்லை. குறையும் ஒன்றும் ஏற்படவில்லை. வாடகைப் பாத்திரம் மறுநாள் காலை திரும்பிப் போயிற்று.

கொள்கலன் ஒன்று நிரம்பியதும் கதவைச் சாத்தி, இலக்கமிட்ட முத்திரைப் பூட்டைப் போடுவார்கள். அதன்பின் கப்பல் போய்ச் சேரும்வரை அதை எவரும் திறக்க மாட்டார்கள். நீர் செய்ய வேண்டிய கணக்கை அதற்கு முன்பே செய்துவிடும்.